சூறைக்காற்றுக்கு எறிந்த செருப்பு

அல்சூர், பெங்களூர்
12-3-1956

மாமா அவர்களுக்கு,

சென்னகிருஷ்ணன் நமஸ்காரம். மாமா என்று எழுத எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா, தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது நாலாவது.

போன புதன்கிழமை உங்கள் வீட்டுப் பந்தலில், எனக்கும் சாந்தம்மாவுக்கும் நிச்சயதார்த்தத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னால், நான் எறிந்த செருப்பு நீங்கள் தலையில் கட்டியிருந்த உருமாலின் மேல் விழுந்தது. அது தப்பு. எந்தச் சமாதானம் சொன்னாலும் தப்பு தப்புதான். அதற்காக உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் அது கோபத்தில் எறிந்ததல்ல. தட்டு மாற்றுகிற நேரத்தில் என்னைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூர் வேலையை விட்டுவிட்டு உங்களோடு சூளகிரியிலேயே இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். முடியாது என்றேன். உங்கள் முகம் மாறியதை நானும் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் ராகி அறுத்த காட்டுப் பக்கமிருந்து சூறைக்காற்று சுழன்றுகொண்டு வந்தது. நம் பக்கத்தில் அது வந்தால் எல்லோரும் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதற்குள் பேய் இருக்கிறது என்று செருப்பை எறிவோம். சின்ன வயதிலிருந்து நானும் எறிந்திருக்கிறேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில் கிடந்ததில் கைக்கு வந்த ஒன்றை எடுத்து எறிந்தேன். காற்று அதைத் திருப்பிவிட்டது.

அம்மா நாலு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் நேரில் வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சென்னகிருஷ்ணன்


சூளகிரி
17-3-1956

மகாராஜராஜஸ்ரீ பெங்களூர் துரை சென்னகிருஷ்ணன் அவர்கள் சமூகத்துக்கு,

நாராயணப்பன் சொல்ல, மகள் எழுதுறது. எனக்குத் தெலுங்குதான் எழுதப் படிக்க வரும். தமிழ் எழுத்து ஒண்ணும் தெரியாது. அதனால நான் சொல்றத ஒரு வார்த்தை விடாம எழுதுன்னு சொல்லியிருக்கறன்.

உங்க கடுதாசி வந்தது. கைக்கு வந்த ஒண்ண எடுத்து எறிஞ்சீங்களா? கைக்கு வந்தது யார் செருப்புன்னு தெரியுமா? என் செருப்பு! நிச்சயத்துக்குன்னு கிருஷ்ணகிரி போயி வாங்கினது. என் வாசல்ல, என் செருப்பாலேயே, என் மண்டையில அடி வாங்கினவன் இந்த ஜில்லாவுலேயே நான் ஒருத்தன்தான். சந்தைக்குப் போனா கத்திரிக்கா விக்கறவன் கூட என் தலையப் பாத்துட்டு அப்புறம்தான் மொகத்தப் பாக்கறான்.

முடியாதுன்னு வாய் சொன்ன அடுத்த நிமிசம் செருப்பு வந்தது. இத காத்து மேல போடறீங்க. காத்து வந்து சாட்சி சொல்லாதுன்னு தைரியம். ஒரு பொண்ணு, தாயில்லாப் பொண்ணு, அத உங்களுக்குக் குடுக்க இருந்தேனே, என்னச் சொல்லணும். தட்டு திரும்பினது திரும்பினதுதான். இனிமே கடுதாசி வேணாம்.

நாராயணப்பன்

இதுவரை அப்பா சொன்னது. ஒரு வார்த்தை விடவில்லை. இனிமேல் சாந்தம்மா எழுதுகிறேன். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். தான் சொன்னதைச் சுத்தமாகத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் சுருக்கமாக.

கடிதம் வேண்டாம் என்று அவர் சொன்னதை எழுதியாயிற்று. வேண்டும் என்று நான் சொல்கிறேன். அப்பாவுக்குக் கோபம் வந்தால் நம் ஊர் சூறைக்காற்று மாதிரிதான். ஒரு நிமிஷம் சுழன்று அடித்துவிட்டுப் போய்விடும், அப்புறம் சிதறினதைப் பொறுக்குவது என் வேலை. ஆனால் இந்தத் தடவை பத்து நாளாகியும் ஓயவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். மன்னிப்பு மன்னிப்பு என்று கோயில் மணி அடிக்காதீர்கள்.


அல்சூர், பெங்களூர்
22-3-1956

மாமா அவர்களுக்கு,

நமஸ்காரம். எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காற்று சாட்சி சொல்லாது என்றீர்கள். எங்கள் பட்டறையில் படித்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். சூறைக்காற்றில் பேயும் இல்லை, பிசாசும் இல்லையாம். மாசி பங்குனி வெயிலில் அறுவடை முடிந்த வெறும் தரை காய்கிறது. தரைக்கு மேலே இருக்கிற காற்று சூடாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தைப் பிடிக்கச் சுற்றிலும் இருக்கிற காற்று ஓடிவந்து சுழல்கிறது. அவ்வளவுதான். சுழல்கிற காற்றுக்குள் எதை எறிந்தாலும் போகிற வழி எறிந்தவன் கையில் இல்லை என்றும் சொன்னார். இது படித்தவர் சொன்னது, நானாகக் கட்டியதல்ல.

வேலையை விடுகிற விஷயத்தில் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. ஒன்பது வயதில் அப்பா போனபிறகு ஊரார் காட்டில் கூலிக்குக் கல் பொறுக்கினேன். லேத்தில் நின்று இரும்பைக் கடைந்து முதல் சாமானைக் கையில் எடுத்த அன்றைக்குத்தான் எனக்கும் ஒன்று தெரியும் என்ற நினைப்பு வந்தது. வரும் ஆடியில் வேலை நிரந்தரமாகும். அதை விட்டுவிட்டு வந்தால் உங்கள் நிலத்தில் நிற்பேன், ஆனால் பாதி மனிதனாக நிற்பேன்.

இப்படிக்கு,
சென்னகிருஷ்ணன்

இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இருப்பதை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

சாந்தம்மாவுக்கு. உங்கள் எழுத்தைப் பார்த்து மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். மணி அடிக்கவில்லை, பார்த்தீர்களா?


சூளகிரி
28-3-1956

சென்னகிருஷ்ணனுக்கு,

நாராயணப்பன் சொல்றது. துரை அவர்கள்னு போட்டது போன தடவையோட சரி.

பேய் இல்லேன்னு பெரிய மேஸ்திரி சொல்லிட்டாரா? சரி. பேயே இல்லேன்னா அப்புறம் செருப்ப யாருக்குய்யா எறிஞ்சே? பேய் இருந்தா பேய்க்கு எறிஞ்சேன்னு சொல்லலாம். இல்லேன்னு நீயே எழுதிட்டே. மிச்சம் அங்க நின்னது நான் ஒருத்தன்தான்!

நாப்பது வருசமா இந்த மண்ணுல நிக்கறன். மாசியில இருந்து சித்திரை வரைக்கும் தெனம் ரெண்டு சூறைக்காத்து என் காட்டக் குறுக்க ஓடுது. எனக்கு அத நீ சொல்லித் தர்றியா? பாதி மனுசனா நிப்பானாம். அப்ப மண்ணுல நிக்கற நாங்க எல்லாம் கால் மனுசனா?

பாகலூர்ல திம்மப்பன்னு ஒரு நல்ல குடித்தனக்காரர். ரெண்டாவது பையனுக்குப் பொண்ணு கேக்கறாரு. பையன் இங்கேயே வந்து இருப்பானாம். சித்திரை பொறந்து பாக்க வர்றாங்க. உனக்குத் தெரியணும்னு சொன்னன். அவ்வளவுதான்.

நாராயணப்பன்

சாந்தம்மா எழுதுகிறேன். உங்களை யார் பேய் இல்லை என்று எழுதச் சொன்னது? அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டு உருண்டை ராகிக் களி கூடச் சாப்பிட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் அழுதேன்.

இந்தச் சேதியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குக் காற்று வந்தபோது புழுதி விழும் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்பாவும் மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அது பந்தலுக்குள் நான் உட்கார்ந்திருந்த பாய்க்கு நேராக வந்தது. ஓலை ஒவ்வொன்றாகப் பிய்ந்து மேலே போனது. எல்லோரும் பின்னால் நகர்ந்தபோது நீங்கள் ஒருவர்தான் முன்னால் வந்து எனக்கும் காற்றுக்கும் நடுவே நின்றீர்கள். நின்றுதான் எறிந்தீர்கள். பேய் இருக்கிறதோ இல்லையோ, இருக்கிறது என்று நம்பிய ஒருவன் அதற்கு எதிரே வந்து நின்றதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு என்னால் பாகலூருக்குத் தலையாட்ட முடியாது.

அப்பா பொல்லாதவர் இல்லை. அம்மா போன பிறகு ஆறு வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கிணற்றடிக்குப் போய் வரத் தாமதமானால் கூட வாசலில் வந்து நின்றுகொண்டு மாட்டைத் தேடுகிற மாதிரி பாவனை செய்வார். மாடு கொட்டிலில்தான் இருக்கும். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பெங்களூர் பஸ்ஸில் ஏற எனக்கும் மனம் வரவில்லை. நான் இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?


அல்சூர், பெங்களூர்
4-4-1956

மாமா அவர்களுக்கு,

நமஸ்காரம். செருப்பை யாருக்கு எறிந்தாய் என்று கேட்டீர்கள். பேய் இல்லை என்று என் புத்திக்குத் தெரியும், என் கைக்குத் தெரியாது. அன்றைக்கு வேலை செய்தது கை.

மண்ணில் நிற்கிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. எழுதத் தெரியாமல் எழுதிவிட்டேன். பாகலூர்ப் பையன் நல்லவனாக இருந்தால், அவன் அங்கேயே வந்து இருந்தால், உங்களுக்கு அதுதான் நிம்மதி என்றால், நான் குறுக்கே வரமாட்டேன். இதை எழுத நாலு நாள் ஆயிற்று.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை ஒரு மணிக்குப் பட்டறை மூடுவார்கள். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் சூளகிரி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்கள் காட்டில் வேலை செய்துவிட்டுத் திங்கட்கிழமை விடியற்கால பஸ்ஸில் திரும்பலாம். விதைப்புக்கும் அறுப்புக்கும் லீவு போடலாம். இரண்டு பேரும் வருவோம், வாரம் தவறாமல். இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். முடியாது என்ற சொல் முதலில் வந்துவிட்டது, அடுத்த வாக்கியத்துக்குள் காற்று வந்துவிட்டது.

இப்படிக்கு,
சென்னகிருஷ்ணன்

கீழே இருப்பது சாந்தம்மாவுக்கு.

குறுக்கே வரமாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது மாமாவுக்கு. உங்களுக்கு வேறு எழுதுகிறேன். நீங்கள் பார்த்ததைப் படித்தபிறகு லேத்தில் நிற்கும்போது கவனம் தப்பி இரண்டு சாமான் பாழாயிற்று, மேஸ்திரி திட்டினார். உங்களைத் தவிர வேறு யாரையும் என்னால் கட்டிக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் அப்பாவை அழவைத்துவிட்டு உங்களைக் கூட்டிவரவும் முடியாது. அவர் சம்மதித்தால்தான். பாகலூர்க்காரர் வரும் நாளில் என்ன நடந்தாலும் எனக்கு எழுதுங்கள். கெட்ட சேதியானாலும் உங்கள் கையெழுத்தில் வரட்டும்.


சூளகிரி
19-4-1956

சென்னகிருஷ்ணனுக்கு,

நாராயணப்பன் சொல்றது. பாகலூர்க்காரங்க வந்துட்டுப் போனாங்க. சாப்பிட்டாங்க. போனாங்க. வேற ஒண்ணும் இல்ல. இங்க நடக்கறதெல்லாம் உனக்கு எழுதணும்னு எனக்குத் தலையெழுத்தா?

நாராயணப்பன்

வேறு ஒன்றும் இல்லையாம்! நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நேற்று மத்தியானம் திம்மப்பன் மாமா, அவர் சம்சாரம், பையன், இன்னும் நாலு பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசல் புளியமரத்து நிழலில் பாய் விரித்து உட்காரவைத்தோம். செருப்பெல்லாம் மரத்தடியில். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசற்படி தாண்டுகிறேன், அதே ராகிக் காட்டுப் பக்கமிருந்து ஒரு சூறைக்காற்று கிளம்புகிறது. சின்னதில்லை. சருகும் புழுதியுமாகப் பனைமரத்து உயரத்துக்கு. அது நேராக நான் வருகிற வழிக்குத் திரும்பிற்று.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? “தூ, போ சனியனே!” என்று ஒரு சத்தம். குனிந்து ஒரு செருப்பை எடுத்து விட்டார் பாருங்கள் ஓர் எறி! காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டது. தொப்பென்று சத்தம். காற்று வேலியோரம் போய் அடங்கிவிட்டது.

அப்பா கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தால் திம்மப்பன் மாமா கையிலும் ஒரு செருப்பு. அவரும் எறிய ஓங்கியிருக்கிறார், அப்பா முந்திக்கொண்டார். அவர் தொட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார்.

“சாமி, தொட்டியில முழுகினது என் செருப்பு” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய்விட்டது. திம்மப்பன் மாமா தொட்டியில் கையை விட்டுச் செருப்பை எடுத்து உதறிக்கொண்டே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“ஏனுங்க, என் மேல உங்களுக்கு ஏதாச்சும் கோவமா?”

“ஐயையோ, என்னங்க இப்படிக் கேக்கறீங்க! கோவம் ஏது? பொண்ணு வர்ற வழியில வந்துதே, கை போயிடுச்சி.”

“ஆமா, கை போயிடும். எனக்கும் போச்சே. பெங்களூர்ப் பையன் சேதிய நானும் கேள்விப்பட்டன். அவன் கை என்ன, வேற மண்ணுலயா செஞ்சது? இதுக்கா அவன வேணாம்னீங்க?”

அப்பா எழுந்து இலை போடச் சொன்னார். சாப்பாடு முடிந்து புறப்படும்போது திம்மப்பன் மாமா, “மொதல்ல அந்தக் கணக்க நேர் பண்ணுங்க. பொண்ணு மொகத்தப் பாத்தேன், அது என் பையன ஒரு தடவ கூடத் திரும்பிப் பாக்கல. என் பையனுக்கு வேற எடமா இல்ல?” என்று சொல்லிவிட்டு, ஈரச் செருப்போடு வண்டி ஏறினார். அந்த மனிதர் காலில் விழுந்திருக்கலாம் போல இருந்தது எனக்கு.

அதிலிருந்து அப்பா பேசவில்லை. கோபம் இல்லை, அது எனக்குத் தெரியும். கோபமாக இருந்தால் வீடு அதிரும். இப்போது சத்தமே இல்லை. சாயந்தரம் காட்டுக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார். இன்றைக்குக் காலையில் உங்களுக்கு எழுதச் சொல்லி உட்கார்ந்தவர் மூன்று தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு மேலே இருக்கிறதைச் சொன்னார். உங்கள் சனிக்கிழமை பஸ் யோசனையைப் படித்துக் காட்டியபோது “திரும்பப் படி” என்றார். படித்தேன். எழுந்து போய்விட்டார்.

இனி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் பயந்துகொண்டிருக்கிறேன்.


சூளகிரி
25-4-1956
(தெலுங்கில் எழுதப்பட்டது)

சென்னகிருஷ்ணனுக்கு,

இது நானே எழுதுவது. உனக்குத் தெலுங்கு கேட்டால் புரியும், படிக்க வராது என்று உன் அம்மா சொன்னார். பட்டறையில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் யாராவது இருப்பார். வாயை அடக்கத் தெரிந்தவராகப் பார்த்துப் படிக்கச் சொல்.

என் மகளுக்கு நான் எழுத்து தெரியாதவன் என்று நினைப்பு. தமிழ் எழுத்து தெரியாதுதான். எண்ணத் தெரியும். முதல் கடிதத்துக்கு நான் சொன்னது கொஞ்சம், அவள் பேனா ஓடினது வெகுநேரம். தபாலாபீசில் பசை தடவி ஒட்டுவதற்கு முன்னால் அங்கே வந்திருந்த பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என் பேச்சு முடிந்து அவள் பேச்சு ஆரம்பித்த இடத்தில் வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். படியுங்கள் என்றேன். படித்து முடித்ததும் நானே ஒட்டினேன், நானே பெட்டியில் போட்டேன். இரண்டாவதையும் அப்படித்தான். மூன்றாவதையும் அப்படித்தான். நீ கோட்டுக்குக் கீழே எழுதியதையும் அவள் குளிக்கப் போனபோது அவள் துணிப்பெட்டியிலிருந்து எடுத்துப்போய்ப் படிக்கவைத்தேன். தப்புதான். பெண்ணைப் பெற்றுப் பார், நீயும் செய்வாய்.

மாடு தேடுகிற மாதிரி நான் வாசலில் நிற்பதை அவள் எழுதியிருந்த இடத்தை வாத்தியார் மெதுவாகப் படித்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே போய் நின்றுவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்டேன்.

ஆகையால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செருப்பு விழுந்ததில் எனக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். அது ஒரு நாளில் போய்விட்டது. போனதை நான் வெளியே காட்டவில்லை. செருப்பை விட்டுவிட்டால் வேறு என்ன சொல்லி உன்னை வேண்டாம் என்பேன்? முடியாது என்று நீ சொன்னாயே, அந்த இடத்தில் எனக்குக் கேட்டது ஒன்றுதான். இவன் என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், இந்த வீட்டில் நான் ஒருவன் உட்கார்ந்து களி கிண்டித் தின்ன வேண்டும். அந்தப் பயத்தை ஊரில் யாரிடம் சொல்வது? சொல்ல வெட்கமாக இருந்தது, செருப்பைப் பிடித்துக்கொண்டேன். பாகலூர்க்காரர் செருப்பு தொட்டியில் விழுந்த அன்றைக்கு அதுவும் கையை விட்டுப் போய்விட்டது.

நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், சூறைக்காற்று என் காட்டில் எதையும் பெரிதாக எடுத்துப்போனதில்லை. காய்ந்த சருகு, கொஞ்சம் புழுதி, எப்போதாவது ஒரு கீற்று. அதற்கே செருப்பைத் தூக்குகிறோம். உன் சனிக்கிழமை பஸ்ஸை நான் ஏழெட்டு முறை மனதில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மணிக்கு ஏறினால் பொழுது சாய வந்துவிடலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை கஷ்டமாக இருக்கும். பழகிக்கொள்கிறேன். வேலையை விடாதே. அவள் முன்னால் வந்து நின்றவன் நீ என்று அவள் எழுதியபிறகு உன்னிடம் நான் கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வா. வைகாசியில் கல்யாணத்துக்கு நாள் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே தட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதே. நாளைக்கு வழக்கம்போல அவளை உட்காரவைத்து உனக்கு ஒரு கடிதம் சொல்லப்போகிறேன். அதில் என் வாசலை மிதிக்காதே, வந்தால் காலை ஒடிப்பேன் என்றெல்லாம் இருக்கும். நீ கிளம்பி வந்துவிடு. அவள் அதற்குக் கீழே என்ன எழுதுகிறாள் என்று இன்னும் ஒரு தடவை கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

உன் மாமா,
நாராயணப்பன்